கடல் கடக்கும் கையுறை

தமிழிளைஞர் கடல் கடந்து செல்வது இற்றை நாளில் அரிய செய்தியன்று. கல்விக்கெனவும் தொழிற்பயிற்சிக்கெனவும் மாணாக்கர் பரிமாற்றத் திட்டங்களின் வழியாகவும், நம் சிற்றூர்களிலிருந்துங்கூட ஆணும் பெண்ணுமாய்ப் பலர் ஐரோப்பிய நாடுகளுக்கும் சப்பானுக்கும் அமெரிக்காவிற்கும் புறப்பட்டுச் செல்கின்றனர். அவருள் ஒரு சாரார் விடுதியில் தங்காது, அந்நாட்டுக் குடும்பம் ஒன்றன் இல்லத்திலேயே, அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் போலத் திங்கட் கணக்கில் தங்கிப் பயில்கின்றனர். அக்குடும்பத்தார் முன்பின் அறியாத ஒருவரைத் தம் வீட்டிற் சேர்த்து, ஓர் அறையைக் கொடுத்து, தம்மோடு ஒருங்கிருத்தி உண்பிக்கின்றனர். அவர்க்கு நாம் கொண்டு செல்வது யாது? வினா சிறிதே. ஆயினும் அதற்கு நம்மவர் இறுக்கும் விடையைப் பார்க்குங்கால், நாம் நம்மை யாரென்று கருதிக்கொண்டிருக்கின்றோம் என்பதும் உடன் வெளிப்பட்டு விடுகின்றது.

வானூர்தி ஏறுவதற்கு முன்னாள் மாலையிலேதான் பலர்க்கும் இந்நினைவே வருகின்றது. பெருநகரத்து நினைவுப்பொருட் கடைக்கு ஓடி, வெள்ளைக்கல்லிற் செய்த தாசுமகால் ஒன்றையும், நெற்றியிற் பொன்வண்ணம் பூசிய யானை ஒன்றையும், ஒரு கட்டு ஊதுவத்தியையும் வாங்கிப் பெட்டிக்குள் திணித்துக் கொள்கின்றனர். திருநெல்வேலியினின்றோ தருமபுரியினின்றோ செல்லும் பெண்ணுக்கும் ஆக்ராவிலுள்ள கல்லறைக்கும் என்ன தொடர்பு? அவள் அதனைக் கண்டதில்லை. அவள் பெற்றோரும் கண்டிலர். அக்கட்டடத்தின் அழகை நாம் பழிக்கவில்லை. ஆனால், 'இது நின் ஊருக்கு அருகில் உள்ளதா? இதனைச் செய்தவர் யார்?' என்று அவ்வீட்டுப் பாட்டி கேட்பாளாயின் – கேளாமல் இராள் – அப்பெண் என்ன விடை கூறுவாள்? எந்நாட்டுத் தொழிலகத்தில் வார்த்ததென்று விற்றவனுக்கே தெரியாத ஒரு பொருளைப் பற்றி அவள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. 'இஃது இந்தியாவைச் சேர்ந்தது' என்பாள். அவ்வளவே. தன் ஊரையும் தன் மொழியையும் தன் வீட்டையும் பற்றிப் பேசுவதற்கு வாய்த்த முதல் வாய்ப்பு அங்கேயே வீணாகிப் போகின்றது.

பெரியோரையும் விருந்தோம்புவாரையும் காணச் செல்லுங்கால் கையிற் கொண்டு செல்லும் பொருளுக்குக் கையுறை என்பது நம் முன்னோர் இட்ட பெயர். இன்று அச்சொல்லைக் குளிருக்குக் கையில் மாட்டிக்கொள்ளும் உறைக்கு மட்டுமே வழங்குகின்றோம். (ஐரோப்பாவிற்குச் செல்வார்க்கு இருவகைக் கையுறையும் வேண்டும் என்பது வேறு செய்தி.) சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனைக் காண வருகின்றனர். அவர்கள் சுமந்து வந்தவை யாவை? யானைக்கோடும் அகிலும் தேனும் சந்தனமும் என, அவர்தம் மலையில் விளைந்தவையும் அவர்தம் கையால் எடுத்தவையுமே. மன்னனுக்குக் கொடுக்கிறோமே என்று எங்கோ கடன்பட்டுப் பொன் வாங்கி வந்தாரல்லர். கையுறையின் இலக்கணம் அதுவே: கொண்டு வருபவனின் நிலத்தை அது சொல்ல வேண்டும். மற்றொரு பாதியும் உண்டு. அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தது, பெறுபவர் யார், அவர்க்கு எது தகும் என்று எண்ணிய பின்னரே. பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைக் கொடைமடம் என்று போற்றுகின்றோம். அம்மடம் வேந்தர்க்கு அழகாயிருக்கலாம். விருந்தாகச் செல்லும் மாணாக்கனுக்கு ஆகாது.

இங்கே நம் தோழர்க்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தாசுமகாலை எள்ளி நகையாடும் நம்முள் சிலர், அதற்கு மாற்றாகத் தம் பிள்ளைகளின் பெட்டியில் வைத்தனுப்புவது என்ன? இரண்டடி உயர வள்ளுவர் சிலை. பொன்னெழுத்துப் பொறித்த ஆங்கிலக் குறள் பதிப்பு. தமிழின் தொன்மையைப் பற்றிய துண்டு வெளியீடுகள் ஒரு கற்றை. நம் பெருமையை அயலார் வீட்டு நிலைப்பேழையில் ஏற்றி வைப்பது கையுறையன்று, அவர்க்குச் சுமை. சிலையை எங்கே வைப்பதென்று அவர் திகைப்பர். நூலைத் திறவாமலே அடுக்குவர். குறளைக் கார்ல் கிரவுல் 1856-இலேயே செருமானிய மொழியிற் பெயர்த்து இலைப்சிகு நகரத்தில் வெளியிட்டு விட்டார். அந்நாட்டார் விழைவாராயின் தம் மொழியிலேயே படித்துக்கொள்ள வழியுண்டு. நாம் ஆங்கிலத்திற் கொண்டு போய்க் கொடுப்பது எற்றுக்கு? அவ்வீட்டாரோடு பழகிய பின், ஒரு மாலைப் பொழுதில், குறளொன்றைத் தமிழில் ஒலித்துக் காட்டிப் பொருள் சொல்லும் பிள்ளை, சிலை சுமந்து செல்லும் பிள்ளையினும் நம் மொழிக்கு மிகுதியாக உதவியவன் ஆவான்.

அங்ஙனமாயின் பெருமை பேசாது நம் அடையாளத்தைக் கொண்டு செல்வது எங்ஙனம்? கடல் கடந்த இரண்டு பழம்பொருள்களை எண்ணிப் பார்ப்போம். நியூசிலாந்தில் 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவத் தொண்டர், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்த வெண்கல ஏனம் ஒன்றைக் கண்டார். அஃது ஏனமன்று, விளிம்புடைந்த ஒரு மணியின் மேற்பகுதி. முகைதீன் பக்சு என்பவரது கப்பலின் மணி அஃதென்பது அதன்மேல் தமிழெழுத்தால் வார்க்கப்பட்டிருந்தது. இன்று அது வெல்லிங்டன் நகரத்துத் தெ பாபா அருங்காட்சியகத்தில் 'தமிழ் மணி' என்னும் பெயரோடே உள்ளது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிமில் ஒரு பானையோடு கிடைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அவ்வோட்டில் 'பானை ஒறி' என்று தமிழில் எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிப்பது அது. ஒன்று உடைந்த மணி. மற்றொன்று உடைந்த ஓடு. இரண்டும் விலை மதிப்பற்ற சிறு பொருள்களே. ஆயினும் அவற்றின்மேற் பெயர் எழுதியிருந்தமையால் அவை நம்முடையவை என்று உலகறிந்தது. எழுதாதிருந்தால் அம்மணி இன்றும் பெயரில்லாத ஏனமாகவே இருந்திருக்கும்.

எனவே நாம் சொல்ல வருவது இதுவே. கொண்டு செல்லும் பொருள் சிறிதாயினும், அதன் தமிழ்ப்பெயர், அது பிறந்த ஊர், அதனைச் செய்த கை ஆகிய மூன்றையும் கொடுப்பவன் சொல்லத் தக்கதாயிருத்தல் வேண்டும். அது பெறுபவர் வீட்டில் பயன்படவும் வேண்டும். எல்லா நாட்டையும் ஒருங்கே பேசின் செய்தி நீர்த்துப்போம் ஆகலின், செருமனியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்நாட்டோடு நமக்குள்ள உறவு புதியதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு செருமானியர். அவர் தூண்டுதலால் ஆலே நகரத்தில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகளைக் கொண்டே 1713-இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுப்பணி தொடங்கிற்று. அவர் 1714-இல் ஐரோப்பா மீண்டபோது மலையப்பன் என்னும் தமிழிளைஞரும் உடன் சென்றார். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் ஆலேயில் அச்சாயிற்று. அந்நகரத்துப் பிராங்கே அறநிலையத்தில், தரங்கம்பாடியிலிருந்து சென்ற ஓலைச்சுவடிகளும் பிற பொருள்களும் இன்றும் பேணப்படுகின்றன. முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் ஓலை போய் அமர்ந்துள்ள நாட்டிற்கு நம் பிள்ளை செல்கின்றான். அவன் கையில் ஆக்ராக் கல்லறை எதற்கு?

பத்தமடைப் பாயை முதற்கண் சொல்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில், பொருநை பாயும் நிலத்தில் உள்ள ஊர் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, ஊறிய கோரையை இழையிழையாகக் கிழித்து, நூற்பாவில் ஊடாகச் செலுத்தி நெய்கின்றனர். கோரை எத்துணை நுண்ணிதாகக் கிழிக்கப்படுகின்றதோ அத்துணைக்குப் பாய் மென்மை எய்தும். மிக உயர்ந்த வகையைத் துணி போல மடிக்கலாம். அதனாலேயே அதற்குப் பட்டுப்பாய் என்று பெயர். இதனை நெய்வோர் பெரும்பாலும் தமிழ் முசுலிம் குடும்பத்தினர். அவருள்ளும் பெண்களே மிகுதி. ஓர் உயர்ந்த பாய் முடியப் பல கிழமைகள் ஆகும். நெகிழிப் பாய் வந்து தெருத்தெருவாக விற்ற பின்னர், அத்தனை கிழமை உழைப்புக்கு விலை கொடுப்பார் அருகிவிட்டனர். தாய்மார் நெய்த தறியில் மகள்மார் அமர விரும்பாமை அவர் குற்றமன்று. கையுறை வாங்கச் செல்வோர் இதனை நினைவிற் கொள்க. உரிய விலையைக் கேட்டபடி கொடுத்து ஒரு பாய் வாங்குவது, நெசவைப் பற்றி மேடையிற் பேசும் பத்து உரைகளினும் மேலானது.

அப்பாயில் நாம் வியக்கத் தக்க வழக்கம் ஒன்று உண்டு. திருமணப் பாயில் மணமக்களின் பெயர்களைப் பாயோடு பாயாக நெய்து கொடுப்பர். அங்ஙனமே, விருந்தோம்பும் செருமானியக் குடும்பத்தின் பெயரைத் தமிழெழுத்தில் நெய்து தருமாறு முன்கூட்டியே சொல்லி வைக்கலாகாதா? திங்கள் இரண்டிற்கு முன்னரே சொல்ல வேண்டியிருக்கும். புறப்படும் முன்னாள் மாலையில் ஆகாது. பெரிய பாய் வேண்டா; சுவரில் தொங்கவிடவோ உண்ணும் மேசையின் நடுவே விரிக்கவோ ஏற்ற சிறு நீளப்பாய் போதும். சுருட்டினால் கைப்பெட்டியில் அடங்கும், உடையாது, எடையும் இல்லை. தம் பெயர் இன்னதென்று படிக்கத் தெரியாத எழுத்தில் தம் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் காண்பவர், அவ்வெழுத்தை ஒரு நாளேனும் எழுதிப் பார்க்க விழையாமல் இரார். அவ்வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின் ஐயமே வேண்டா. கிழமை முடிவதற்குள் தம் பெயரைத் தாமே எழுதத் தொடங்கி விடுவர். அயன்மொழிப் பெயர்களை எழுதப் பிறவெழுத்து வேண்டுமென்று நம்மிடம் வழக்காடும் புலவர்கள், அப்பிள்ளைகள் தமிழெழுத்து முப்பதைக் கொண்டே தம் பெயரை மகிழ்ந்தெழுதுவதை ஒருமுறை கண்டு வரலாம்.

பனையோலைப் பெட்டியும் அத்தகையதே. செட்டிநாட்டுக் கொட்டான் எனப்படும் வண்ணப் பெட்டியைச் சிலர் சிறிதென்று தள்ளுவர். செருமானிய வீடுகளில் மாலையுணவு பெரும்பாலும் அடுப்பேற்றாத உணவு. அரிந்த உரொட்டித் துண்டுகளைக் கூடையில் வைத்து நடுவே வைப்பர். அக்கூடையின் இடத்தில் நம் ஓலைப்பெட்டி அமருமாயின், நாள்தோறும் அவ்வீட்டார் கை அதனுள் புகும். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டும் பொருளினும் கைபட்டுக் கைபட்டுத் தேயும் பொருளே நல்ல கையுறை. பவானி விரிப்பும் – சமுக்காளம் என்று பிறசொல்லாற் குறிக்கின்றோம் – பயனுள்ளதே. ஆயின் எடை மிகுதி, விசைத்தறிப் போலிகளும் மலிந்துள்ளன. மதுரைச் சுங்குடி கழுத்துத் துண்டாகத் தகும். துணியில் முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகள் தோற்றுவிக்கும் அத்தொழில், மதுரையில் சௌராட்டிர மரபினர் பேணி வளர்த்தது. அச்சடித்த போலிச் சுங்குடியே இன்று கடைகளிற் பெருவழக்கு. முடிச்சிட்ட உண்மைச் சுங்குடியின் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. சாயம் துணியின் இருபுறத்தும் ஏறியிருக்கும். நீலமலைத் தோடர்தம் கருப்புச் சிவப்புப் பூத்தையல் வாங்குவோர், 'இது தோடர் பெண்டிர் கைத்தொழில். அவர்க்குத் தனிமொழி உண்டு' என்று அவர் பெயராலேயே கொடுத்தல் வேண்டும். நம் பெயரைப் பிறர் மறைப்பதை வெறுக்கும் நாம், பிறர் பெயரை மறைத்தல் தகாது.

குழந்தைகள் உள்ள வீடாயின் தஞ்சைத் தலையாட்டிப் பொம்மைக்கு ஈடில்லை. அடி கனத்த உருண்டைப் பொம்மையை எப்புறம் சாய்த்தாலும் தானே நிமிர்ந்து நிற்கும். மற்றொரு வகை, இடையும் தலையும் தனித்தனியே அசைந்தாடும் ஆடற்பாவை. களிமண்ணாலும் தாட்கூழாலும் செய்வதாகலின் நன்கு பொதிந்து கொண்டு செல்லல் வேண்டும். ஒன்று மட்டும் முன்னரே எண்ணி வைத்துக்கொள்க: இது தஞ்சையில் ஏன் இத்துணைப் பெயர் பெற்றது என்று அவர் கேட்டால், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது எங்கள் அரசியலில் ஊறிப்போன பழக்கம் என்று விளையாட்டாகவேனும் சொல்லிவிட வேண்டா. அது வீட்டுச் செய்தி.

செப்புத் திருமேனிகளைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். சுவாமிமலைக் கம்மியர் மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தே மாழையை வார்க்கும் தொழில் உலகறிந்தது. செனீவா நகருக்கு அருகிலுள்ள அணுத்துகள் ஆய்வு நடுவத்தில் ஆடவல்லான் படிமம் ஒன்று 2004-இல் இந்திய அரசின் அன்பளிப்பாக நிறுவப்பட்டது. எனினும் அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன ஆடவல்லானை ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியதும், அது 2014-இல் மீண்டு வந்ததும் நாம் மறக்கத் தக்கவை அல்ல. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. புதிய வார்ப்பாயினும், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றைத் தொல்லியல் துறையிடம் பெறாமற் சென்றால் வானூர்தி நிலையத்தில் தடையுற நேரும். இத்தொல்லையின்றி வெண்கலம் கொடுக்க விழைவார் நாச்சியார்கோயிலில் செய்த சிறு கைவிளக்கு ஒன்றைக் கொள்க. வடபுலத்துக் கூதிர்க்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழும். கிறித்துப் பிறப்பு விழாவுக்கு முன்னைய நான்கு கிழமைகளிலும் செருமானியர் வீடுதோறும் மெழுகுத்திரி ஏற்றுவர். விளக்கின் அருமையை அவர்க்கு நாம் சொல்லித் தர வேண்டுவதில்லை. எண்ணெய் வார்த்துத் திரி இடுவதை மட்டும் காட்டினாற் போதும்.

தின்பண்டத்திலேதான் நம்மவர் மிகுதியும் இடர்ப்படுகின்றனர். அன்போடு அன்னை கட்டிக் கொடுத்த பொதியைச் சுங்கத்துறையார் குப்பைத்தொட்டியில் இடுவதைக் காண்பது கொடிது. ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு செல்லலாகாது. ஆகலின் திருவில்லிபுத்தூர்ப் பாற்கோவாவும் ஊத்துக்குளி வெண்ணெயும் ஊரிலேயே இருக்கட்டும். 2019 திசம்பர் முதல், பழங்களுக்கும் பச்சிலைகளுக்கும் விதைகளுக்கும் நலச்சான்று கேட்கின்றனர். வாழை, தென்னை முதலிய சிலவற்றின் காய்கனிக்கே விலக்குண்டு. சேலத்து மாம்பழமும் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையும் அவ்விலக்கில் அடங்கா. மிளகும் ஏலமும் மஞ்சளும் உலர்ந்தவையாதலின் தடையில்லை. உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் நன்றே தகும். ஆனால் நிலக்கடலை சிலர் உடலுக்கு உயிர்க்கேடு செய்யும் நஞ்சாகும். அவ்வீட்டில் அத்தகையோர் உளரோ என்று முன்னரே மடலெழுதிக் கேட்ட பின்னரே எடுத்துச் செல்க. ஒரு செய்தி: வானூர்தியிற் செல்லும் அகவை முதிர்ந்தார், வரியின்றிக் கொண்டு செல்லத் தக்க பொருள்களின் மதிப்பு 430 ஐரோ. காஞ்சிப் பட்டுச்சேலையை அன்பளிப்பாக எடுத்துச் செல்வார் அதனையும் அறிந்திருத்தல் நலம். உடுக்கத் தெரியாதவர்க்குப் பதினெட்டு முழப் பட்டு எதற்கு என்பது நாம் கேட்கும் வினா. பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் பட்டினும் மேசைமேல் விரிந்து கிடக்கும் கோரை மேல்.

பொருளைக் கொடுத்தபின் பேச்சுத் தொடங்கும். அப்பேச்சில் நாம் கொடுக்காமலே அந்நாட்டிற்கு முன்னரே போய்ச் சேர்ந்த நம் சொற்களை எடுத்துச் சொல்லலாம். செருமானியர் 'கட்டமரான்' என்று கூறும் கலம் நம் கட்டுமரம். அவர்கள் 'இங்குவர்' என்பதன் வேரில் நம் இஞ்சி உள்ளது. அவர்தம் அகரமுதலியில் 'பாரியா' என்றொரு சொல்லும் உண்டு. 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்' என்பது அங்கே அதன் பொருள். அது பறையர் என்னும் நம் மக்கட்பெயர். கட்டுமரம் போன கடல்வழியே நம் சாதிக் கொடுமையும் போய், அயலார் அகரமுதலியில் ஏறி அமர்ந்துவிட்டது. அவ்வீட்டார் இதனைக் கேட்பாராயின் மழுப்பாமல், தலைகுனிந்தேனும் உண்மையைச் சொல்லுக. ஒரு நாட்டு மக்களின் பெயர் அங்ஙனம் இழிபொருளில் வழங்குவது தகாதென்று அவர்க்கு உணர்த்தவும் அவ்வேளை உதவும். தன் குறையை மறைத்துத் தன் பெருமையை மட்டும் விரிக்கும் விருந்தினனை எந்நாட்டாரும் நம்பார்.

கொடுக்கும் முறையிலும் வேறுபாடுண்டு. நம் வீடுகளில் விருந்தினர் கொணர்ந்ததை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவர் சென்ற பின்னரே பிரிப்போம். முன்னர்ப் பிரித்தல் நாகரிகமன்று என்று கருதுவோம். செருமானியர் பெரும்பாலும் அப்பொழுதே, கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்ப்பர். பிரியாது வைத்தால் மகிழவில்லை போலும் என்று அங்கே எண்ணுவர். நம் பிள்ளை இதனை அறியாது கூசி நிற்றல் வேண்டா. (சப்பானுக்குச் செல்வார்க்கு இது மாறும், அங்கே பொதிந்து கொடுக்கும் அழகே பாதிக் கையுறை, உடனே பிரித்தலும் பெருவழக்கன்று. நான்கு என்னும் எண்ணின் ஒலிப்பு சாவுச் சொல்லை ஒத்திருத்தலின், நான்காகக் கொடுத்தலையும் தவிர்ப்பர்.) விலை மிக உயர்ந்த பொருள் செருமானியரைக் கூச்சப்படுத்தும், ஈடு செய்ய வேண்டுமே என்னும் கவலையை உண்டாக்கும். ஆதலின் சிறிதாக ஒன்று, அல்லது பிள்ளைகட்குத் தனியே ஒன்றுமாக இரண்டு. அதற்கு மேல் வேண்டா.

ஒவ்வொரு பொருளோடும் கையகலத் தாள் ஒன்று வைத்தல் வேண்டும். அதில் தமிழில், தன் கையெழுத்தில், அப்பொருளின் பெயரும் ஊரும் செய்தவர் பெயரும் எழுதி, அதன் கீழே அவ்வீட்டார் மொழியில் இரண்டே வரி. செய்தவர் பெயரை அறிய வேண்டுமாயின் செய்தவரிடம் சென்றே வாங்க வேண்டும். அல்லது கூட்டுறவு விற்பனை நிலையத்திலேனும் எவர் நெய்தது என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கோ-ஆப்டெக்சு என்று நாம் அழைக்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பு 1935-இலிருந்தே இயங்குகின்றது. பூம்புகார் விற்பனை நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. அங்கெல்லாம் வாங்குவோர் விலையைக் கேட்பரேயன்றிச் செய்தவர் பெயரைக் கேட்பதில்லை. புவிசார் குறியீடு பத்தமடைப் பாய்க்கும் தஞ்சைப் பொம்மைக்கும் பவானி விரிப்புக்கும் வாய்த்துள்ளது உண்மையே. அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கின்றது. நெய்த பெண்ணின் பெயரை அது சொல்வதில்லை. அதனைச் சொல்ல வேண்டியவர் வாங்குபவர்.

திரும்பும் நாளில் அக்குடும்பத்தாரும் நம் பிள்ளைக்கு ஏதேனும் கொடுப்பர். கிழக்குச் செருமனியில் எர்சுகெபிர்கே என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே சுரங்கத் தொழில் நலிந்தபோது, சுரங்கத்திற் பாடுபட்டோர் மரங்கடைந்து பொம்மை செய்யும் தொழிலுக்கு மாறினர். வாயால் கொட்டையுடைக்கும் மரப்படைவீரன் பொம்மை அவர்தம் கைத்தொழில். சைபன் என்னும் சிற்றூர் அதற்குப் பெயர் பெற்றது. அத்தகைய ஒன்று கையில் வருமாயின், அதன் பெயர் யாது, எவ்வூரில் செய்தது, செய்தவர் யார் என்று நம் பிள்ளையும் கேட்டு, அதே போன்றொரு தாளில் எழுதி வாங்கி வரட்டும். வீட்டிற் கொண்டுவந்து தலையாட்டிப் பொம்மையின் பக்கத்திலேயே வைக்கலாம்.